வஜ்ரையாவும் நான்காவது காலும்

காலை ஆறு மணிக்கே உள்ளரங்கத்தின் வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. ஓட்டக்காரிகளின் செருப்புகள் ஒரு பக்கம். பெற்றவர்களின் செருப்புகள் மறுபக்கம். மூளைகளை எங்கே கழற்றி வைத்தார்கள் என்று தெரியவில்லை. அதற்கென்று பலகை எதுவும் தொங்கவில்லை.

வஜ்ரையா வருகிறார்.

விளையாட்டு விடுதிச் சுவரெல்லாம் அவர் படம். 'எலும்பைப் பேசவைக்கும் மகான்.' கீழே சின்ன எழுத்தில், 'முன்பதிவு அவசியம்.' எலும்பே பேசும் என்றால் முன்பதிவில் எதற்கு ஒரு கேள்வி என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாசலில் வஜ்ரையாவின் மச்சான் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பேரு வேணாம்மா. லீவு நின்னு எத்தனை மாசம்? அதை மட்டும் எழுதுங்க. ஐயாவுக்கு எதுவுமே சொல்ல வேணாம். அவரே சொல்லிடுவாரு."

அதிக மாதம் எழுதியவளுக்கு முன்வரிசையில் இடம். குறைந்த மாதம் எழுதியவளுக்குப் பின்வரிசை. நாற்காலியின் எண்ணைப் பார்த்தாலே மாதம் தெரிந்துவிடும். மகானுக்கு ஞானக்கண் இருந்தது. ஊனக்கண்ணும் நன்றாகவே வேலை செய்தது.

லீவு என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். இந்த விடுதியில் ஓட்டம் கற்றுத்தரும் மாஸ்டருக்கு மாதவிலக்கு என்ற சொல் வாயில் வராது. முதல் நாள் மட்டும் பயிற்சிக்கு வராமல் இருக்கலாம் என்று பல வருடங்களுக்கு முன் ஒருநாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வருகைப் பதிவேட்டில் 'லீ' என்று எழுதினார். அன்றிலிருந்து அதற்கே லீவு என்று பெயர் வந்தது. "லீவு வந்துடுச்சா?" "எனக்கு ஆறு மாசமா லீவே இல்லடி."

லீவு எடுக்காதவள் நல்ல பிள்ளை. ஒரு வருடம் லீவே இல்லாதவளின் பெயருக்கு நேரே மாஸ்டர் தங்க நட்சத்திரம் ஒட்டுவார். எட்டுப் பெண்களில் ஐந்து பேருக்கு நட்சத்திரம். மாதவிலக்கு என்றே எழுதியிருந்தால் 'பதினான்கு மாதமாக வரவில்லை' என்பது நோயாகத் தெரிந்திருக்கும். லீவு என்று எழுதியதால் ஒழுக்கமாகத் தெரிந்தது.

வஜ்ரையா இந்தப் பதிவேட்டை ஒருமுறை பார்த்தார். தங்கச் சுரங்கத்தை இப்படித் திறந்து வைத்திருக்கிறார்களே என்று அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அவர் மேடையேறினார். கண்கள் பாதி மூடியிருந்தன. பெண்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. தோலைத் தொடுவதில்லை. எல்லோரும் முழங்கால் வரை தடித்த வெள்ளைக் காலுறை போட்டு வர வேண்டும். அவ்வளவு சுத்தமானவர். காலுறையை மச்சான் விற்றார்.

கையில் கவட்டைபோல் இரண்டு விரல் நீட்டிய ஒரு உலோகக் கருவி. அதற்கு ஞானக்கவை என்று பெயர். அதை மரக்கட்டையில் தட்டி, அடிக்காம்பைக் காலின் முன்னெலும்பில் வைப்பார். முன்வரிசைக் கால்களில் 'ணங்ங்ங்' என்று நீண்டது. பின்வரிசைக் கால்களில் 'டக்' என்று செத்தது.

முதல் நாற்காலியில் தும்பி இருந்தாள். வயது பத்தொன்பது. ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். மெலிந்த கை கால்களையும் காற்றில் போகிற வேகத்தையும் பார்த்து விடுதிப் பெண்கள் வைத்த பெயர். கருவி அவள் இடது காலில் நீண்ட நேரம் பாடியது.

"பதினாலு மாசம்!" என்றார் வஜ்ரையா.

அரங்கம் மூச்சை இழுத்தது. தும்பியின் அம்மா கைகூப்பி அழுதாள். துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவள். மகள் மாநில அணியில் ஓட வேண்டும் என்பதற்காகப் பத்து வருடமாக நின்றுகொண்டே தேய்க்கிறவள்.

"குழந்தே, மத்தவளுக்கெல்லாம் ரத்தம் வீணாப் போகுது. உனக்கு உள்ளேயே தங்குது. எலும்புல இறங்குது. வஜ்ரமா உறையுது."

"ஆனா கால் வலிக்குதுங்க ஐயா."

"இறங்குறப்ப வலிக்காதா?"

வலித்தால் இறங்குகிறது. வலிக்காவிட்டால் இறங்கி முடிந்தது. ஐயாவின் தத்துவத்துக்கு இரண்டு பக்கமும் வாசல்.

"இனிமே ஒருவேளைச் சாப்பாடு போதும். பசிதான் வஜ்ரத்தோட தாய்" என்றார் வஜ்ரையா. மூன்று வேளையும் சாப்பிட்ட அவருடைய வயிறு அவருக்கு முன்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே தும்பி பயிற்சியின் நடுவே தடத்தில் உட்கார்ந்துவிட்டாள். இடது காலை ஊன்ற முடியவில்லை. அவளுடைய சித்தி வந்து ஆட்டோவில் ஏற்றினாள்.

சித்திக்கு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் வேலை. செயற்கைக் கால் செய்கிறவள். வார்ப்பு எடுப்பாள், அரத்தால் ராவுவாள், குழாய் பொருத்துவாள், பாதம் மாட்டுவாள். அவள் பட்டறைச் சுவரில் கால்கள் வரிசையாகத் தொங்கும். கால்களிடம் அவளுக்குப் பக்தி கிடையாது. அளவுதான் உண்டு.

டாக்டரம்மா இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் இடது காலின் முன்னெலும்பில் மயிரிழைபோல் ஒரு விரிசல். இன்னொன்று எலும்பின் அடர்த்தியைக் காட்டும் படம். அதைப் பார்த்துவிட்டுத் தும்பியின் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு நாளா வரல?"

"பதினாலு மாசமா லீவு இல்ல டாக்டர்" என்றாள் தும்பி, கொஞ்சம் பெருமையாக.

"லீவா?"

சித்தி விளக்கினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இங்க பாரும்மா. நீ ஓடுற ஓட்டத்துக்கு நீ சாப்பிடுறது பத்தல. சாப்பாடு பத்தாத வீட்ல முதல்ல விருந்தாளியைத்தான் நிறுத்துவாங்க. உன் உடம்பும் அதைத்தான் செஞ்சிருக்கு. மாதவிலக்கை வரவைக்கிற ஹார்மோன்தான் எலும்பையும் பிடிச்சு வைக்குது. அது வத்திப்போனா எலும்பும் கரையும். உனக்குப் பத்தொன்பது வயசு. உன் எலும்பு அறுபதைத் தாண்டின மாதிரி இருக்கு."

"மாத்திரை போட்டா வந்துடும்ங்கிறாங்களே டாக்டர்?" என்றாள் சேதி கேட்டு ஓடிவந்திருந்த அம்மா. "கடைத்தெருவில ஒருத்தர் பொண்ணுக்கு வந்துடுச்சாம்."

"கருத்தடை மாத்திரைதானே? போட்டா மாசாமாசம் வரும். சரியாயிடுச்சுன்னு நாம ஏமாந்துக்கலாம். எலும்பு ஏமாறாது. அந்த மாத்திரை இவ எலும்பைக் காப்பாத்தாது."

அவர் தந்தது தோலில் ஒட்டும் ஹார்மோன் ஒட்டு. இடுப்பில் ஒட்ட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். அதோடு மாதத்தில் பன்னிரண்டு நாள் ஒரு மாத்திரை.

"இது ஊன்றுகோல் மாதிரி. நடக்கப்போறது சாப்பாட்டாலதான். நல்லா சாப்பிடு. ஓட்டத்தை நிறுத்து. தானா வர ஆரம்பிச்சா இதை எடுத்துடுவோம்."

"நிறுத்துறதா? மூணு வாரத்துல அணித் தேர்வு இருக்கு டாக்டர்."

"இந்தக் காலோட ஓடினா விரிசல் முறிவாயிடும். அப்புறம் தேர்வு பத்தி நீ யோசிக்கவே வேணாம்."

இரண்டு வாரம் போயிற்று. சித்தி அக்கா வீட்டுக்கு வந்தாள். துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள். கதவின் உட்புறத்தில் நான்கு ஒட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஓரம் பிரியாமல், சுருக்கம் விழாமல், டாக்டரம்மா சொன்னபடியே வாரம் இரண்டு.

இரண்டு வாரமாக ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டது அலமாரி. அதன் எலும்புகள் உறுதியாகத்தான் இருந்தன.

"என்னடி இது?"

தும்பி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா முந்திக்கொண்டாள். "ஐயாதான் சொன்னாரு. வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினா இறங்கின வஜ்ரம் கரைஞ்சிடுமாம். சனிக்கிழமை வந்து தனியா ஆசீர்வாதம் பண்றாராம். ஞாயித்துக்கிழமை இவ ஓடலாமாம்."

"அக்கா, வஜ்ரம்னா என்ன தெரியுமா உனக்கு? தச்சுப் பட்டறையில கேட்டுப் பாரு. பசை. செத்த மாட்டோட எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை. அதைத்தான் உன் பொண்ணு கால்ல இறக்குறாரு உங்க ஐயா."

"வாயை அலம்புடி. அவர் இவ மாசத்தைச் சரியாச் சொன்னாரு. உங்க டாக்டர் கேட்டுத்தானே தெரிஞ்சுக்கிட்டாங்க?"

கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் டாக்டரின் குறை என்று ஆனபிறகு என்ன பேசுவது?

சித்தி தும்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ சொல்லு. நிஜமாவே நம்புறியா?"

"தெரியல சித்தி. டாக்டர் ஓடாதேங்கிறாங்க. ஐயா ஓடுங்கிறாரு. எனக்கு ஓடணும்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "பத்து வருஷம் சித்தி."

"சரி. ஒரு பந்தயம். சனிக்கிழமை ஒரு திரை கட்டுறேன், நீ அதுக்குப் பின்னால உக்காரு. நீ யாருன்னு தெரியாம அவர் உன் மாசத்தைச் சரியாச் சொல்லிட்டா நான் பேசவே மாட்டேன். நீ போய் ஓடு."

"தடுக்கமாட்டீங்களே?"

"தடுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று பட்டறையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. குருட்டுப்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டால்? ஒரு பொய்யனின் அதிர்ஷ்டத்தில் ஒரு பெண்ணின் காலைப் பணயம் வைத்தாயிற்று.

மறுநாள் மாஸ்டரைப் பார்க்கப் போனாள். முகத்தில் பக்தியைப் பூசிக்கொண்டு போனாள்.

"மாஸ்டர், ஐயா முகம் பாக்காமலே சொல்லிடுவாராமே?"

"கண்ணையே திறக்கமாட்டாரும்மா!"

"அப்ப ஒரு திரை கட்டிடலாமா? கால் மட்டும் கீழ தெரியட்டும். சந்தேகப்படுறவங்க வாயை அடைச்ச மாதிரி இருக்கும்."

மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. "பிரமாதம்! நாலு கால் வைப்போம். நானே அறிவிக்கிறேன்."

அறிவித்தும்விட்டார். சனிக்கிழமை வஜ்ரையா வந்து இறங்கியபோது கூட்டம் திரையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. நீலத் திரை. அதன் அடியில் நான்கு கால்கள் முழங்காலுக்குக் கீழே வெளியே நீட்டியிருந்தன. நான்கிலும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. மச்சான் விற்றதுதான்.

வஜ்ரையாவின் அரைக்கண் முழுக்கண் ஆயிற்று.

"எதுக்கும்மா இந்தத் திரை? குழந்தைங்க முகம் தெரியாம எப்படி ஆசீர்வாதம் பண்றது?"

"நீங்கதான் பொண்ணுங்க முகத்தையே பாக்கமாட்டீங்களே ஐயா" என்றாள் சித்தி.

கூட்டம் பலமாகக் கைதட்டியது. பக்தர்களின் கைதட்டல் மகானைத் தூக்கும். சில சமயம் தூக்கிக்கொண்டுபோய்க் குழியிலும் போடும்.

வஜ்ரையா மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை. கவையைத் தட்டி முதல் காலில் வைத்தார்.

டக்.

திரைக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கியது கேட்டது.

"மந்தம். மாசாமாசம் லீவு எடுக்கிற பொண்ணு. ஒரு துளி இறங்கல. இந்தக் கால் ஓட லாயக்கில்ல."

சித்தி அதை அப்படியே கரும்பலகையில் எழுதினாள். இரண்டாவது காலுக்கு ஐயா நகர்ந்தார். ணங்ங்ங்.

"ஆகா. பதினோரு மாசம். இறங்கிக்கிட்டிருக்கு."

மூன்றாவது கால். ணங்ங். "ஏழு மாசம். இந்தக் குழந்தைக்குப் பயம் ஜாஸ்தி. ஒருவேளைச் சாப்பாடு ஒழுங்காக் கடைப்பிடிச்சா வருஷக் கடைசியில வஜ்ரம்னு பட்டம் தரலாம்."

நான்காவது காலில் காம்பை வைத்ததும் ஓசை எழுந்தது. இதுவரை கேட்காத ஓசை. மணி அடித்ததுபோல் அரங்கத்தின் கடைசி வரிசைவரை போயிற்று. வஜ்ரையாவே திடுக்கிட்டார். இன்னொரு முறை வைத்தார். இன்னும் இனிமையாகப் பாடியது.

சொந்தப் பொய்யைத் தானே நம்பும் நிமிடம் ஒன்று எல்லா மோசடிக்காரனுக்கும் வரும். வஜ்ரையாவுக்கு அது வந்தது. அவர் கண் கலங்கியது.

"பூரண வஜ்ரம்! இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு எலும்பை நான் கேட்டதில்ல. ரெண்டு வருஷம்... இல்ல, மூணு வருஷமா நின்னிருக்கு. இது சாதாரணப் பொண்ணு இல்ல. தெய்வக் குழந்தை. யாரும்மா நீ? உன் முகத்தை மட்டும் நான் பாக்கணும். திரையைத் தூக்குங்க!"

"தூக்கிடலாங்க ஐயா" என்றாள் சித்தி.

திரை விலகியது.

முதல் இரண்டு கால்களும் தும்பியுடையவை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் நீட்டியிருந்தாள். ஐயாவின் கணக்குப்படி அவளுக்கு இடது காலில் மாதாமாதம் வருகிறது. வலது காலில் பதினோரு மாதமாக வரவில்லை.

மூன்றாவது கால் அரங்கக் காவலாளியுடையது. அறுபத்திரண்டு வயது. மீசை காதைத் தொடும். ஒரு காலை மடித்து மறு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

"ஏழு மாசம்னு கம்மியாச் சொல்லிட்டீங்க சாமி. எனக்கு வந்ததே இல்ல."

நான்காவது காலுக்கு மேலே யாரும் இல்லை. அது ஒரு முக்காலியில் சாய்ந்து தனியாக நின்றது. சித்தி காலுறையை உருவினாள். உள்ளே பளபளவென்று அலுமினியக் குழாய். கீழே ரப்பர் பாதம்.

"என் பட்டறையில செஞ்சது ஐயா. போன செவ்வாய்க்கிழமைதான் பிறந்தது. மூணு வருஷமா நின்னிருக்குன்னீங்க."

சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. மந்தம் என்று முத்திரை குத்தப்பட்டு அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது. மாஸ்டர் மட்டும் விசிலை வாயில் வைத்து எடுக்க மறந்து நின்றார். அவர் மூச்சுவிடும்போதெல்லாம் அது லேசாகக் கீச்சிட்டது.

சித்தி வஜ்ரையாவின் கையிலிருந்து கவையை வாங்கினாள். "இது பேரு டியூனிங் ஃபோர்க். ஸ்கூல் லேபில இருக்கும். ஆஸ்பத்திரியிலயும் உண்டு. கால்ல உணர்ச்சி இருக்கான்னு பாக்க வைப்போம்." கட்டையில் தட்டி மேசையில் வைத்தாள். ணங்ங்ங். மறுபடி தட்டி, வைக்கும்போது கட்டைவிரலால் கவையின் விரல் ஒன்றைத் தொட்டாள். டக். "மேசைக்கு இப்ப லீவு வந்துடுச்சு. விரலை எடுத்தா லீவு நின்னுடும். நீங்களும் வந்து செஞ்சு பாருங்க. யார் வேணும்னாலும் மகான் ஆகலாம். மச்சான் ஒருத்தர் வேணும், அவ்வளவுதான்."

மச்சான் அங்கே இல்லை. முன்பதிவுச் சீட்டுகளும் இல்லை.

"அவநம்பிக்கை நிழல் விழுந்த இடத்துல எலும்பு பொய் சொல்லும்!" என்று வஜ்ரையா கத்தினார்.

"எலும்பு பொய் சொல்லல சாமி" என்றார் காவலாளி. "அது வாயே திறக்கல. பேசினதெல்லாம் நீங்கதான்."

ஒரு அப்பா மட்டும் எழுந்து, அந்த ரப்பர் பாதம் போன பிறவியில் ஓட்டக்காரியாக இருந்திருக்கலாமே என்று கேட்டார். மகானுக்கு முன்பே பக்தன் சாக்கு கண்டுபிடித்துவிடுகிறான். அவருடைய மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

தும்பி சிரிக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கால் ஓட லாயக்கில்ல. மூன்று வாரத்துக்கு முன் இதே காலைத்தான் அவர் வஜ்ரம் என்றார். அப்போது வலித்தது. இப்போதும் வலித்தது. மாறாமல் உண்மை சொல்லிக்கொண்டிருந்தது அந்த வலி ஒன்றுதான்.

அவள் எழுந்தாள். இடது காலை ஊன்றாமல் மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், எனக்குக் கால் வலிக்குது. ரொம்ப நாளா. நாளைக்கு நான் ஓடல."

மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "எனக்கு... எனக்கு இது தெரியாதும்மா" என்றார். பொய் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள முயன்றதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்க நட்சத்திரக்காரிகள். தும்பியைத் தவிர மற்றவர்கள் அடர்த்திப் படம் எடுக்க வந்தவர்கள். மாஸ்டர் பதிவேட்டைக் கொண்டுவந்து டாக்டரம்மாவின் மேசையில் வைத்துவிட்டு, தண்டனை வாங்க நிற்கும் பையனைப்போல் நின்றார். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவ்வளவு சரியா யாருமே எழுதி வச்சதில்ல சார். அஞ்சு பேர் நோயும் மாசவாரியா இதுல இருக்கு. நீங்க நட்சத்திரம் ஒட்டின இடத்துலதான் எங்கிட்ட அனுப்பியிருக்கணும்."

தும்பியின் முறை வந்தது. இடுப்பில் புது ஒட்டு. கையில் ஊன்றுகோல். வாயில் ரொட்டி. அவள் மறுபடி ஓட மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டரம்மா. எலும்பு பழைய நிலைக்கு முழுசாக வருமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

தும்பியின் பின்னால் அம்மா நின்றிருந்தாள். தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். இந்த ஒட்டு வேலை செய்யுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நர்ஸ் முறைத்தாள். மாஸ்டர் பதறினார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் முதல் சிரிப்பு.

"நல்ல கேள்விம்மா. ஒரு வருஷம் கழிச்சு இதே மெஷின்ல மறுபடி படம் எடுப்போம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு உங்ககிட்ட காட்டுறேன். ஏறலேன்னா ஏன் ஏறலன்னு என்னைக் கேளுங்க."

"கேப்பேன்" என்றாள் அம்மா.

பத்து வருடமாகத் தேய்ப்புப் பெட்டிமேல் குனிந்தே நின்றவள், அதைச் சொல்லும்போது நிமிர்ந்திருந்தாள்.

கேள்வி கேட்கவும் ஒரு எலும்பு வேண்டும். அது முதுகில் இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது. எந்த மகானும் அதை மட்டும் தட்டிப் பார்ப்பதில்லை. அது நிமிர்ந்தால் தன் பிழைப்பு படுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?